கேலரிப் பலகைகள்

ஆல்டர்வில்,
8 மார்ச் 1954.

அன்புள்ள தம்பி ஒண்ட்ரேவுக்கு,

அக்கா லிடா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீயும் கார்மெலாவும் சுகம்தானா? முதுகு பிடித்துக்கொண்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தண்ணீர்ப் பம்பைக் கழற்றித் தூக்க ஃப்ரெஸ்னோவில் வேறு ஆளே இல்லையா? நாற்பத்தெட்டு வயதிலும் இளவட்டம் என்ற நினைப்பு உனக்கு. பாவோலுக்கு இருமல் விட்டபாடில்லை. முப்பது வருடம் கண்ணாடி உலைக்கு முன்னால் நின்ற நெஞ்சு, குளிர்காலம் வந்தாலே வேலைநிறுத்தம் செய்கிறது.

பத்திரிகை நடத்தும் கிளாரன்ஸ் டோட் போன வாரம் வீட்டுக்கு வந்தார். நம் பழைய மர ஸ்டேடியத்தைப் பற்றி ஒரு நினைவுப் புத்தகம் போடப் போகிறாராம். ஊரில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "உங்க தம்பிதானேம்மா நம்ம பேஸ்பால் டீமுக்குப் பந்து எறிஞ்சவர்! நீங்க எழுதலைன்னா வேற யாரு எழுதுவா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு நகரவே இல்லை. சரி என்றேன்.

எழுத எழுத அது கண்முன்னால் எழுந்து நிற்கிறது, ஒண்ட்ரே. வெயில் ஏறினால் கேலரிப் பலகையிலிருந்து பிசின் கசிந்து பாவாடையில் ஒட்டிக்கொள்ளும். கூரை இடுக்குகளில் வெயில் கோடுகோடாக இறங்கி, முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் வரிக்குதிரைகள் மாதிரி இருப்பார்கள். முட்டைக்கோஸோடு வறுத்த சாசேஜ் வாசனை. நம் ஆள் எவனாவது பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் இரண்டாயிரம் பேர் பலகையை மிதிப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மாடுகள் ஓடும். அப்படி ஒரு இடம் இனி எங்கே இருக்கிறது? இப்போது கட்டுவதெல்லாம் சிமெண்ட். மிதித்தால் கால்தான் வலிக்கும்.

அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றியும் எழுதலாம் என்று பார்த்தேன். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. கார்விக் ஊர்ப் பையன் தலையில் பந்து பட்டபோது நான் எலுமிச்சைச் சாறு வாங்கக் கீழே போயிருந்தேன் அல்லவா? நீயே இரண்டு வரி எழுதி அனுப்பேன். விபத்து என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் உன் கையால் வந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். முப்பத்திரண்டில் ஸ்டேடியத்தைப் பிரித்து விற்றபோது பாவோல் வாங்கிவந்த கேலரிப் பலகைகளைத்தான் நம் பின்னறைக்குத் தரையாகப் போட்டோம். முந்தாநாள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. நிறையப் பேர் கால்களால் மிதிப்பது போல. சரக்கு ரயில் என்கிறார் பாவோல். சனிக்கிழமைகளில் சரக்கு ரயில் கிடையாது.

கார்மெலாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
லிடா.


ஃப்ரெஸ்னோ,
11 ஏப்ரல் 1954.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் இருவரின் சுகமே வேண்டுவது. அத்தானுக்கு வெங்காயத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடு. கார்மெலா சொல்லச் சொன்னாள். என் முதுகு தேவலை. பாதாம் மரங்கள் பூத்து முடிந்துவிட்டன. வேலை அதிகம்.

தரை அதிர்ந்தால் அத்தானைக் கீழே இறங்கி உத்திரத்தைப் பார்க்கச் சொல். கரையான் அரித்திருக்கும்.

புத்தகத்துக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
ஒண்ட்ரே.


ஆல்டர்வில்,
10 மே 1954.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். தேன் வெங்காயம் வேலை செய்தது. கார்மெலாவுக்கு என் முத்தம்.

உத்திரத்தைப் பார்த்தாயிற்று. கரையானும் இல்லை, விரிசலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணிக்கு அது வருகிறது. முதலில் ஒரு நிமிடம் இருந்தது. இப்போது கால் மணி நேரம். பால் பாத்திரத்தில் ஆடை சுருங்கிச் சுருங்கி விரிகிறது. ஊசிப் பெட்டியில் குண்டூசிகள் குதிக்கின்றன. இரண்டு மிதி மெதுவாக, பிறகு மூன்று வேகமாக. தட்... தட்... தட்தட்தட். நினைவிருக்கிறதா? அது முடிந்ததும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே மழை; பலகை வெயிலில் கிடந்தது போலச் சுட்டது. இருபது வருடம் மெழுகு பூசிய மரத்தில் பிசின் முத்து முத்தாக நிற்கிறது.

எனக்கு மட்டும்தானோ என்று பயந்தேன். போன சனிக்கிழமை மூன்று மணிக்குத் தெருவுக்கு ஓடினேன். என்ன பார்த்தேன் தெரியுமா? தெரு முழுக்க ஆட்கள். கோலார் வீட்டம்மாள் புறாக்கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மாதாகோவில் கூடத்தில் சீட்டு ஆடுகிறவர்கள் சீட்டுகளைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மழையில் குடையில்லாமல் நின்றார்கள். எல்லோருடைய வீட்டிலும் அந்தப் பலகை ஏதாவது ஒரு மூலையில் இருக்கிறது.

முடிதிருத்தும் மிகாலிடம் போனேன்.

"என்ன மிகால், சனிக்கிழமையும் அதுவுமா கடையை விட்டுட்டு வெளியில நிக்கறீங்க?"

"காத்து வாங்கறேன்."

"மழையிலயா? உங்க கடை பெஞ்சும் கேலரிப் பலகைதானே?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீட்டுத் தரை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எங்க பெஞ்சும் நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். சத்தம் நின்றதும் எல்லோரும் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போய்விட்டார்கள்.

டோட் வேறு புலம்புகிறார். "கடைசி ஆட்டத்தைப் பத்தி ஒருத்தரும் எழுதித் தர மாட்டேங்கறாங்கம்மா. ஒருத்தர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாராம். ஒருத்தருக்குப் பல்வலியாம். நீங்க எலுமிச்சைச் சாறு வாங்கப் போயிட்டீங்க. அப்ப அன்னைக்குக் கேலரி நிறைய உக்காந்திருந்தது யாரு?"

நான் சிரித்துவைத்தேன். நீ இரண்டு வரி எழுதிவிட்டால் அவர் வாயை அடைக்கலாம்.

பதில் போடு. தாமதம் செய்யாதே.

அன்புடன்,
லிடா.


ஃப்ரெஸ்னோ,
2 ஜூலை 1954.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இத்துடன் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறோம். அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது?

அந்தப் பலகைகளைப் பிடுங்கிப் போடு. எரித்துவிடு. சிமெண்ட் தரை போட்டுக்கொள்.

மிதி எப்படிக் கேட்கிறது என்று இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஒண்ட்ரே.


ஆல்டர்வில்,
26 ஜூலை 1954.

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்தது. பழம் நல்ல இனிப்பு. கார்மெலாவுக்கு நன்றி சொல்.

நீ சொன்னபடி செய்துவிட்டு இப்போது தவிக்கிறேன். போன சனிக்கிழமை காலையில் பாவோல் கடப்பாரையை எடுத்துப் பலகைகளைப் பெயர்த்தார். எல்லாவற்றையும் கொல்லையில் அடுக்கினார். மண்ணெண்ணெய் வாங்கி வருவதற்குள் மதியமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கொளுத்தலாம் என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. நல்ல வெயில். அவர் டின்னைத் திறந்துகொண்டு அடுக்குக்கு முன்னால் நின்றார்.

மணி மூன்று அடித்தது.

அந்த அடுக்கு மூச்சு விட்டது, ஒண்ட்ரே. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி பலகைகள் ஏறி இறங்கின. பிறகு மிதி தொடங்கியது. இந்த முறை அதற்கு நடுவில் ஒரு குரலும் கேட்டதாம். எனக்குக் கண்ணாடிக்கு உள்ளே கேட்கவில்லை. பாவோல் டின்னைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஒரு பொம்பளைக் குரல். கத்துது," என்றார்.

"என்னன்னு கத்துது?"

"இங்கிலீஷ் இல்ல, நம்ம பாஷையில. 'மண்டையில போடு, ஒண்ட்ரே!'ன்னு."

நான் தட்டைத் துடைத்தேன்.

"லிடா, அந்தக் குரல் யாரோடதுன்னு உனக்குத் தெரியுதா?"

தெரியவில்லை என்று சொன்னேன்.

அன்று மாலையே அவர் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி வந்து பழையபடி ஆணி அடித்துவிட்டார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்த்துக் கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வெயில் அதிகம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது.

லிடா.


ஃப்ரெஸ்னோ,
24 ஆகஸ்ட் 1954.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அத்தானும் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி ஆட்டம் நடந்து இன்றோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. கார்மெலாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. நேற்று சொன்னேன். இப்போது உனக்கு எழுதுகிறேன்.

விபத்து என்று ஊர் சொன்னது, விசாரித்தவர்களும் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. கை வியர்த்திருந்தது, பந்து வழுக்கிவிட்டது என்றேன். என் கை வியர்க்கவில்லை. அந்தக் கார்விக் பையன் வெண்டெல் ப்ரூக்ஷயர் அன்று என் பந்துகளை இரண்டு முறை வேலிக்கு அப்பால் அடித்திருந்தான். இரண்டாவது முறை ஓடும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். மோசமான சிரிப்புகூட இல்லை, சந்தோஷம், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மூன்றாவது முறை மட்டையோடு வந்து நின்றபோது கேலரி மிதிக்கத் தொடங்கியது. இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. மைதானத்து மண் என் காலடியில் நடுங்கியது. அப்போது ஒரு குரல் எழுந்தது. அத்தான் கேட்ட அதே வார்த்தைகள். பிறகு ஊரே அதைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

நான் அவன் தலையைக் குறிபார்த்து எறிந்தேன். கொல்ல வேண்டும் என்று இல்லை. அவன் மண்ணில் விழுந்து புரள வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் விலகவில்லை. சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு இரண்டாயிரம் பேரும் ஒரே நொடியில் மிதிப்பதை நிறுத்தினார்கள். எனக்கு இப்போதும் கனவில் வருவது பந்து பட்ட சத்தம் இல்லை, அந்த அமைதி.

பிறகு நடந்ததை எழுத முடியவில்லை.

கத்தியது யார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. நீ எலுமிச்சைச் சாறு வாங்கப் போயிருந்ததாக மார்ச்சில் எழுதியிருந்தாய். சரி.

அன்புடன்,
ஒண்ட்ரே.


ஆல்டர்வில்,
14 செப்டம்பர் 1954.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது. இந்த வருடம் வெள்ளரிக்காய் நல்ல விளைச்சல். முப்பது ஜாடி ஊறுகாய் போட்டேன். முட்டைக்கோஸும் பீப்பாயில் போட்டாயிற்று. கொல்லைக் கதவுக்கு வண்ணம் அடித்தோம். தரை இப்போது அமைதியாக இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே. கார்மெலாவைக் கேட்டதாகச் சொல்.

லிடா.


ஆல்டர்வில்,
27 செப்டம்பர் 1954.

மச்சான் ஒண்ட்ரேவுக்கு,

பாவோல் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உங்கள் சுகம் அறிய ஆவல்.

தரை அமைதி என்று உன் அக்கா எழுதியிருந்தால் அதை நம்பாதே. சனிக்கிழமை மட்டும் வந்தது இப்போது தினமும் வருகிறது. மூன்று மணிக்கு அவளே போய்ப் பின்னறையில் உட்காருகிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள். நேற்று நான் திறந்து பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. அவள் காலும் அவர்களோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக.

"லிடா, நிறுத்து" என்றேன்.

"நான் எங்க பண்றேன்? அதுவா போகுது" என்றாள். அவள் முட்டியைப் பிடித்து அழுத்தினேன். அறுபது கிலோகூட இல்லாத பொம்பளை. உலையில் வேலை செய்த என் இரண்டு கையாலும் அந்தக் காலை நிறுத்த முடியவில்லை.

குதிகால் இரண்டும் தோல் உரிந்து கிடக்கிறது. மருத்துவர் நரம்பு என்கிறார்.

அந்தக் குரல் அவளுடையது. கல்யாணமாகி முப்பது வருடமாகக் கேட்கிற குரல் எனக்குத் தெரியாதா? அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இனி இருக்க முடியாது.

நீ வா.

பாவோல்.


ஃப்ரெஸ்னோ,
4 அக்டோபர் 1954.

என் அக்காவுக்கு,

எனக்குத் தெரியும். அன்றே தெரியும். முதல் பேஸ் பக்கம் மூன்றாம் வரிசையில் நீல ஜாக்கெட்டோடு பலகைமேல் ஏறி நின்றிருந்தாய். கையைக் குவித்துக் கத்தினாய். நான் திரும்பிப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். நீ சிரித்துக்கொண்டிருந்தாய், நானும் சிரித்தேன். பிறகுதான் எறிந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊரை விட்டு நான் ஓடியது போலீசுக்குப் பயந்து இல்லை. சாப்பாட்டு மேசையில் உனக்கு எதிரே உட்கார முடியவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. உன் முகத்தைப் பார்த்தால் நாம் சேர்ந்து சிரித்த அந்த ஒரு நொடி ஞாபகம் வந்துவிடும். அதனால்தான்.

கத்தியது நீ, ஆனால் எறிந்த கை என்னுடையது. இதை நேரில் சொல்ல வேண்டும். வெண்டெலின் மனைவி ஹெட்டி இன்னும் கார்விக்கில்தான் இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இருவரும் போவோம். புதன்கிழமை ரயில் ஏறுகிறேன். அதுவரை அந்த அறைக்குள் போகாதே. முடியாவிட்டால் அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஒண்ட்ரே.


ஆல்டர்வில்,
17 அக்டோபர் 1954.

அன்புள்ள கார்மெலாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறாய் அல்லவா? பக்கத்துத் தோட்டத்துப் பம்ப் நின்றுபோனால் நான் வரும்வரை காத்திருக்கச் சொல்.

நேற்று கார்விக் போனோம். பஸ்ஸில் அக்கா என் கையை விடவே இல்லை. இளைத்துப் பாதியாகிவிட்டாள். ஹெட்டி வீடு ரயில் பாதைக்கு ஓரத்தில், சிறியது. கதவைத் திறந்தவள் நரைத்த, உயரமான பெண். நான் பெயரைச் சொன்னேன். சட்டென்று சாத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

"இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, உனக்கு வழி கண்டுபிடிக்க," என்றாள். "காலை மிதியடியில துடைச்சுட்டு உள்ள வா."

காபி கொடுத்தாள். நான் சொன்னேன். கை வழுக்கவில்லை, தலையைப் பார்த்துத்தான் எறிந்தேன் என்று. அவள் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரைகூடப் போடவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அவர் கூட ஆடினவங்க சொன்னாங்க. இது யாரு?"

"என் அக்கா."

"இவங்க எதுக்கு வந்திருக்காங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். சுவர்க்கடிகாரம் மூன்று அடித்தது. கார்மெலா, அந்த வீட்டில் கேலரிப் பலகை ஒன்றுகூட இல்லை. தரை வெறும் லினோலியம். ஆனாலும் அக்காவின் கால்கள் எழுந்தன. தட், தட், தட்தட்தட். மேசை ஆடியது. காபி தெறித்தது. அக்கா இரண்டு கையாலும் தன் தொடைகளைப் பிடித்து அழுத்திக்கொண்டு அழுதாள். கால் நிற்கவில்லை.

ஹெட்டி எழுந்து நின்றுவிட்டாள். "என்ன இது? என்ன பண்றா இவ?"

"நான்தான் கத்தினேன்," என்றாள் அக்கா. "மண்டையில போடுன்னு முதல்ல கத்தினது நான்தான். என்னைப் பாத்துத்தான் எல்லாரும் கத்தினாங்க. இத்தனை வருஷமா எலுமிச்சைச் சாறு வாங்கப் போனேன்னு சொல்லிட்டுத் திரியறேன்."

கால்கள் நின்றன. அறையே நின்றது போல இருந்தது.

ஹெட்டி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். "உன்னை என்னால மன்னிக்க முடியாது," என்றாள். "இவனையாவது எதிரி டீம்னு நினைச்சுக்கலாம். நீ சும்மா வேடிக்கை பாக்க வந்தவ."

"சரி," என்றாள் அக்கா.

"அடுத்த மாசம் வேணா வந்து கேளு. அப்பவும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்னு நினைக்கறேன். ஆனா வா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் அன்னைக்கு மேட்ச் பாக்க வரல. காலையில எங்களுக்குச் சண்டை. அடிபட்டதுக்கப்புறம் அவர் எப்படி இருந்தார்னு யாரும் எனக்குச் சரியாச் சொல்லல. நீதானே கிட்ட இருந்தே? சொல்லு."

கார்மெலா, விசாரணையில் பந்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பந்து பட்டதும் அவன் விழவில்லை. மட்டையைக் கீழே மெதுவாக வைத்தான். பந்து பட்ட ஆட்டக்காரன் போக வேண்டிய முதல் பேஸுக்குத் தானாகவே நடந்து போனான். நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் கண் என்னைப் பார்த்தது, ஆனால் வேறு எங்கோ தூரத்தைப் பார்ப்பது போல. "மணி என்ன?" என்று கேட்டான். மூன்றரை இருக்கும் என்றேன். "பின்பக்கப் படியைச் சரி பண்ணித் தரேன்னு சொல்லியிருந்தேன். பண்ணாம வந்துட்டேன். அவ கோவமா இருப்பா. இருட்டறதுக்குள்ள போனா முடிச்சுடலாம்," என்றான். என் தோளைப் பிடித்துக்கொண்டான். அப்புறம்தான் சாய்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதை அப்படியே சொன்னேன். ஹெட்டி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்தே, "அந்தப் படிக்குத்தான் சண்டை," என்றாள்.

எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன்.

உன்,
ஒண்ட்ரே.


ஆல்டர்வில்,
4 டிசம்பர் 1954.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானா? உன் முதுகுக்குக் கம்பளிப் பட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். குதிகால் புண் ஆறிவிட்டது.

டோட் புத்தகம் வந்துவிட்டது. நான் எழுதித் தந்ததை ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டிருக்கிறார். நான் கத்தியது, நீ எறிந்தது, எல்லாம் நம் பெயரோடு. ஊரில் பாதிப்பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மாதாகோவில் கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மிகால் மட்டும் நேற்று தெருவில் நிறுத்தி, "நானும் மிதிச்சேன் லிடா, ரெண்டு காலாலயும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பாவோல் என் முகத்தைப் பார்த்து உப்புக் கேட்கிறார்.

நவம்பரில் கார்விக் போனேன். ஹெட்டி முடியாது என்றாள். காபி கொடுத்தாள். வீட்டில் சத்தம் இன்னும் சனிக்கிழமைகளில் வருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

இன்று பகல் இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஹெட்டி நின்றுகொண்டிருந்தாள். தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"மன்னிக்க வரல," என்றாள். "அதைக் கேக்கணும்னு வந்தேன்."

பின்னறைக்குக் கூட்டிப்போனேன். பாவோல் இரண்டு நாற்காலி போட்டார். மூன்று மணிக்குத் தொடங்கியது. ஹெட்டி கண்ணை மூடவில்லை, அசையவில்லை. கால் மணி நேரம் கேட்டாள். பிறகு எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"போதும். நான் ப்ரூக்ஷயரோட பெண்டாட்டி. ஆட்டம் முடிஞ்சுபோச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

மிதி நின்றது. ஒண்ட்ரே, பிறகு நான் கேட்டதை நீயும் ஒருகாலத்தில் நூறு முறை கேட்டிருப்பாய். ஒரு கேலரி முழுக்க மக்கள் ஒரே நேரத்தில் எழும்போது பலகைகள் நீளமாக முனகுமே, அது. அப்புறம் காலடிகள். அவசரமே இல்லாமல், வரிசை வரிசையாக, படி இறங்கிப் போகிறார்கள். குழந்தைகள் ஓடுகிறார்கள். யாரோ கைத்தடி ஊன்றிப் போகிறார். முக்கால் மணி நேரம் அது நடந்தது. ஜன்னலில் பார்த்தேன், தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் அடங்கியது என்று நான் எழப்போனேன். ஹெட்டி என் கையைப் பிடித்தாள்.

"இரு. ஒருத்தி இன்னும் போகல."

குனிந்து கேட்டேன். ஆமாம். ஒரே ஒரு ஜோடிக் கால். பெண்ணுடைய குதியுயர்ந்த செருப்பு, நான் அந்த வருடம் போட்டிருந்தது மாதிரி. மிதிக்கவில்லை. போகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவள் காலை லேசாக ஆட்டுவது போலப் பலகையில் தட்டிக்கொண்டிருக்கிறது.

"யாரு?" என்றார் பாவோல்.

ஹெட்டி மறுபடி உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. "அவளும் வீட்டுக்குப் போகணும்," என்றாள். "ஆறு மணி பஸ்ஸை விட்டா எனக்குக் காலையிலதான் பஸ். பரவாயில்ல. காபி இருக்கா?"

இதை அந்த அறையிலிருந்தே எழுதுகிறேன். வெளியே பனி விழ ஆரம்பித்துவிட்டது. பாவோல் விளக்கை ஏற்றிவிட்டு இருமிக்கொண்டே படுக்கப் போனார். ஹெட்டி மேல்கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கீழே இருப்பவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்.

கார்மெலாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
லிடா.